இதயத் துடிப்பு நோயாளிகளும் காணொளிகளின் தரமும்

மக்களுக்கு நல்வாழ்வுக் கல்வி அளிப்பது திட்டமிட்ட வளர்ச்சியின் இன்றியமையாத கூறாகும். புதுதில்லி முனிர்காவில் உள்ள தேசிய சுகாதார, குடும்பநல நிறுவனம் 1977ஆம் ஆண்டில் இரு நிறுவனங்களை இணைத்து உருவாக்கப்பட்டது. 2014இல் தொடங்கப்பட்ட தேசிய சுகாதார வலைவாசலை, இந்நிறுவனத்தில் அமைந்த சுகாதாரத் தகவலியல் மையம் நடத்திவந்தது. நோய்கள் குறித்த நம்பத்தக்க செய்திகளைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் தருவதே அதன் நோக்கம். ஆயினும், இன்று நோயாளிகள் பலர் முதலில் நாடுவது கைப்பேசியில் வரும் காணொளிகளையே. அவற்றின் தரம் எத்தகையது என்பது ஆராயத்தக்கது.

நோயின் இயல்பு

துடிப்புக் கோளாறுகளுள் முதன்மையானது 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' எனும் மேலறை நடுக்கமாகும். இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காததால் குருதி தேங்கி உறைகின்றது. அக்கட்டி மூளையை அடைந்தால் பக்கவாதம் உண்டாகும். இந்நோயால் பக்கவாத வாய்ப்பு 5 மடங்குக்கு மேலாகிறது என்றும், ரூமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வும் பழுதுற்றவர்களுக்கு அது ஏறத்தாழ 17 மடங்காகிறது என்றும் அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் ஆய்வு 1978இல் தெரிவித்தது. குருதி உறைதலைத் தடுக்கும் மருந்தே இதற்குக் காப்பு. எனவே, மருந்தைப் பற்றிய தவறான ஒரு சொல்லும் உயிருக்கு ஊறு விளைவிக்கக்கூடும்.

தரத்தின் அளவுகோல்கள்

காணொளிகளை மதிப்பிட ஆய்வாளர்கள் பெரும்பாலும் இரு அளவுகோல்களைக் கையாளுகின்றனர். 1997இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான முதலாவது, நான்கு செய்திகளைக் கேட்கின்றது: சொல்பவர் யார்? சான்று யாது? பொருளுதவி செய்தவர் எவர்? வெளியான நாள் எது? பிரிட்டனில் உருவான 'டிசர்ன்' என்பது 16 வினாக்களைக் கொண்டது. சிகிச்சையின் பயனோடு அதன் தீங்கும் கூறப்படுகிறதா என்பதும் அவற்றுள் அடங்கும். பார்த்தவர் எண்ணிக்கை இவ்விரண்டிலும் இடம்பெறவில்லை.

எனினும், நம் நாட்டிற்கு இவை மட்டும் போதா. 'புதிய மருந்துகள் வந்துவிட்டன. வார்ஃபரின் பழையது' என்று மேலைநாட்டு மருத்துவர் ஒருவர் கூறுவது அவர் நாட்டு நோயாளிகள் பலருக்குப் பொருந்தலாம். இந்தியாவிலோ ரூமாட்டிக் வால்வு நோய் இன்னும் மறையவில்லை. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகிய பகுதிகளில் 4,500க்கு மேற்பட்ட ரூமாட்டிக் நோயாளிகளிடம் நடத்தப்பட்ட 'இன்விக்டஸ்' ஆய்வின் முடிவு 2022இல் வெளியாயிற்று. புதிய மருந்தான ரிவராக்ஸபானைவிட வார்ஃபரின் வகை மருந்துகளைப் பெற்றோரிடையே இறப்புகள் குறைந்திருந்தன. சான்றும் நாளும் சரியாக அமைந்த ஒரு காணொளிகூட, 'இது எந்த நோயாளிக்கு?' என்று கூறாவிடில் தீங்காகும்.

உணவிலும் இதே நிலைதான். வார்ஃபரின் உண்போர் கீரையை அறவே விலக்க வேண்டுவதில்லை. உண்ணும் அளவு நாள்தோறும் பெரிதும் மாறாதிருத்தலே வேண்டுவது. குருதியின் 'ஐ.என்.ஆர்.' அளவைத் தவறாது சோதித்தலும் இன்றியமையாதது.

செய்யத்தக்கன

இதய நோய்களைத் தீர்ப்பதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டு மருந்துகள், மாய மருத்துவ முறைகள் சட்டம் தடை செய்கின்றது. நலம் பற்றிப் பேசும் மருத்துவர்கள் தம் தகுதியை வெளியிட வேண்டும் என நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஆகஸ்டில் நெறிமுறை வகுத்தது. ஆனால், தவறானதைத் தடுப்பது பாதிப் பணியே. அரசு மருத்துவமனைகளின் இதயநோய்ப் பிரிவுகள் எளிய தமிழில் காணொளிகளை ஆக்கி, வெளியிட்ட நாளையும் உரிய நோயாளி வகையையும் அவற்றிலேயே குறித்தல் வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியர் வழியாக அவை இல்லங்களைச் சென்றடையலாம்.

நோயாளி கைக்கொள்ள வேண்டிய விதி ஒன்றே: காணொளியைக் கண்டு மருத்துவரிடம் வினா எழுப்பலாம்; மருந்தை நிறுத்தலாகாது.