நந்தனார் சரித்திரத்தில் நாற்பது வேலி

சமூக நீதியைப் பற்றிய நூல்கள் எவை என்று எம் கலாசாலை மாணவரை வினவினால், அம்பேத்கர் நூல்களையும் பெரியார் நூல்களையும் உடனே கூறுவர். அது தக்கதே. ஆயினும் தீண்டப்படாதார் யாவர் என்பதை ஆராய்ந்து அம்பேத்கர் 1948-இல் வெளியிட்ட நூலைத் திறப்போர், முதற்கண் காண்பது ஓர் உரிமையுரையாகும். நந்தனார், ரவிதாசர், சோகாமேளர் ஆகிய மூவர் நினைவுக்கு அந்நூல் உரியதாக்கப்பட்டுள்ளது. மராட்டிய நாட்டறிஞர் ஒருவர் தம் நூலின் வாயிலில் நிறுத்திய அத்தமிழரைத் தமிழ் பயிலும் யாம் எவ்வாறு படித்தோம்? தேர்வுக்காகப் படித்தோம், உண்மையைக் கூறின் அவ்வளவே.

சென்ற கோடை விடுமுறையில் உடையார்பாளையத்தில் நண்பர் ஒருவர் இல்லத்திற் சில நாள் தங்கினோம். அவ்வூர் இசைக்குப் பழைய உறவுடையது. கனம் கிருஷ்ணையர் அந்த ஜமீனின் சமஸ்தான வித்துவானாய் இருந்தவர், உ. வே. சாமிநாதையரின் தந்தையார் அவரிடம் இசை பயின்றவர். நண்பரின் பாட்டனார்க்கு எண்பத்தைந்து வயது. இளமையிற் கொள்ளிடத்துக்குத் தெற்கே நஞ்சை நிலங்களிற் பண்ணையாளாக உழைத்தவர். கண் மங்கியவர்; செவி மங்காதவர். எம் கையிலிருந்த நூல் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் என்று அறிந்ததும், "படி தம்பி, கேட்கலாம்" என்றார். நாடோறும் மாலையில் திண்ணையில் அமர்ந்து படித்தோம்.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தில் நந்தனார்க்கு ஆண்டை ஒருவர் இல்லை. ஊரார் விட்ட பறைத்துடவை என்னும் நிலமே அவர்க்கு உணவு தந்தது. கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும் கொடுப்பது அவர் தொண்டு. தில்லை செல்லும் வேட்கை எழுந்தபோதெல்லாம், தம் பிறப்பு அதற்கு இசையாதென்று தாமே அஞ்சி நின்று, "நாளைப் போவேன்" என்று நாள் கழித்தார். திருநாளைப்போவார் என்னும் பெயர் அவ்வாறு வந்தது.

1861-ஆம் ஆண்டளவில் அச்சேறிய பாரதியார் நூலிலோ, "நாளை" என்னும் அதே சொல்லுக்குக் காரணம் வேறு. ஆதனூரில் ஒரு வேதியர் இருக்கிறார். நிலம் அவருடையது, நந்தனும் அவர் ஆள். சிதம்பரம் போய்வர நந்தன் உத்தரவு கேட்கிறான். வேதியர் சினக்கிறார், ஏசுகிறார்; முடிவில் நாற்பது வேலி நிலத்தின் பயிர்த்தொழிலை முடித்துவிட்டுப் போ என்கிறார். வேலி ஒன்று ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர். ஆகவே நாற்பது வேலி இருநூற்று எழுபது ஏக்கர் அளவாகும். ஓர் ஆளால் ஆகாதது என்று அறிந்தே இட்ட கட்டளை அது. வேதியர் பாத்திரம் புராணத்தில் இல்லை என்று குறை கூறுவோர் உளர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் நூலிலுள்ள பிழைகளைக் கருதிச் சிறப்புப் பாயிரம் தரத் தயங்கினார் என்றும், பாரதியார் பாடக் கேட்டபின் உருகித் தந்தார் என்றும் கூறுவர். இலக்கணப் பிழை இருக்கட்டும். வேதியரைச் சேர்த்தது பிழையன்று என்பது எம் கருத்து. சேக்கிழாரிடம் நந்தனைத் தடுப்பது பிறப்பு. பாரதியாரிடம் பிறப்போடு வேலையும் தடுக்கிறது. ஒருவனுடைய ஒரு நாள் யாருக்குரியது என்னும் வினாவைக் கதாகாலட்சேப மேடையில் ஏற்றியவர் அவரே. தஞ்சை நாட்டு வயல்களைக் கண்டவர்க்கன்றி அது தோன்றியிராது.

பாட்டனார் இப்பகுதியை மும்முறை படிக்கச் செய்தார். சிவபெருமான் அருளால் பூதகணங்கள் வந்து ஓரிரவில் நாற்பது வேலியையும் விளைவித்ததும், வேதியர் நந்தன் காலில் விழுந்ததும் படித்து முடித்தோம். யாம் நெஞ்சு நெகிழ்ந்திருந்தோம். அவர் சற்றுப் பொறுத்து, "ஏன் தம்பி, பூதம் நட்டுச்சு, விளைஞ்சுச்சு. சரி. அந்த நெல்லு யார் பத்தாயத்துக்குப் போச்சு?" என்று வினவினார்.

யாம் விடையின்றி இருந்தோம். நூலைப் புரட்டினோம். வேதியர் மனம் மாறியது உண்டு. நெல்லைப் பற்றிய பேச்சு எமக்கு அகப்படவில்லை. நிலம் அவருடையதாயின் நெல்லும் அவருடையதே. நந்தன் தில்லைக்கு நடக்கிறான். அங்கே தீயில் மூழ்கி எழுந்த பின்னரே உள்ளே புகுகிறான். இழந்தவர் எவரும் இல்லை, நந்தனைத் தவிர.

"உங்கள் காலத்தில் விடுமுறை கேட்டால் கொடுப்பார்களா, தாத்தா?" என்றோம்.

"சாவுக்குக் கொடுப்பாங்க. அதுவும் நம்ம வீட்டுச் சாவா இருக்கணும்" என்று சிரித்தார். அவருடைய சிரிப்பில் எமக்குச் சேர மனமில்லை.

தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இல் வந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் இந்தியா முழுமைக்கும் வந்தது 1976-இல். கோயில் நுழைவு அவற்றினும் முந்தியது. 1939-இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிற் கதவு திறந்தது. சேக்கிழார் நந்தன் கேட்டதற்கு முதலில் வழி பிறந்தது. பாரதியார் நந்தன் கேட்டதற்குப் பின்னரே சட்டம் பிறந்தது. இவ்வரிசையை எந்தப் பாடநூலும் எமக்குச் சுட்டியதில்லை. எழுத்தறியாத முதியவர் ஒருவருக்குப் படித்துக் காட்டியபோதே புலப்பட்டது. தனியே அறையில் இருந்து படித்திருப்பின், பூதங்களை வியந்து அடுத்த பாட்டிற்குச் சென்றிருப்போம்.

கலாசாலை நூல்நிலையப் பிரதியின் ஓரத்தில் எழுதுதல் முறையன்று. ஆதலின் எம் சொந்தப் பிரதியில், அவ்விடத்தில், "நெல் யாருக்கு?" என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறோம்.