தெரிந்து கொள்வோம்: குற்றமா? சின்னத் தப்பா?



"ஹெல்மெட் போடாம போறவரும் திருடனும் ஒண்ணா டீச்சர்?" சமூக அறிவியல் பாடவேளையில் கடைசி பெஞ்சில் இருந்து வந்த கேள்வி இது. எல்லாரும் சிரித்தோம். ஆனால் அது நல்ல கேள்விதான்.

நம் நாட்டுச் சட்டத்தில் இரண்டுக்குமே குற்றம் என்றுதான் பெயர். எந்தச் செயலுக்குச் சட்டம் தண்டனை சொல்கிறதோ அது குற்றம். வித்தியாசம் தண்டனையில்தான் இருக்கிறது. ஹெல்மெட் போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். ஜெயில் கிடையாது. திருட்டுக்கு மூன்று வருடம் வரை சிறை உண்டு. 1860-ஆம் வருட இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் அப்படித்தான், அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படித்தான். புதிய சட்டத்தில் ஒரு சலுகை மட்டும் சேர்ந்திருக்கிறது. திருடியது 5,000 ரூபாய்க்குக் குறைவு, முதல் தடவை, பொருளையும் திருப்பிக் கொடுத்தாச்சு என்றால் சமூக சேவைதான் தண்டனை.

சரி, ஒரே செயல் இரண்டாகவும் ஆகுமா? ஆகும்! டிக்கெட் இல்லாமல் ரயிலில் போகிறோம், டி.டி.ஆர். பிடிக்கிறார். சாதாரணமாக டிக்கெட் பணத்தோடு இன்னும் 250 ரூபாயோ அல்லது இன்னொரு மடங்கு டிக்கெட் பணமோ, எது அதிகமோ அதைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் ஏமாற்றணும் என்ற எண்ணத்தோடுதான் ஏறினார் என்று நிரூபணமானால் 6 மாதம் வரை சிறை (ரயில்வே சட்டம், 1989, பிரிவு 137). ரயில் ஒன்று, சீட்டு ஒன்று, மனசில் இருந்த எண்ணம்தான் வேற! எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

வண்டி விஷயத்தில் எண்ணத்தை விட ஆபத்தைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். குடித்துவிட்டு ஓட்டினால், யார் மேலேயும் மோதாவிட்டாலும், முதல் தடவையே 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும்.

இப்போ நம் வகுப்புப் பையன்களுக்கு வருகிறேன். (பெயர் சொல்லமாட்டேன், பயப்பட வேண்டாம்.) அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகிறீர்களே, மாட்டினால் ஹெல்மெட் மாதிரி ஏதோ ஃபைன் என்று நினைக்கிறீர்கள். இல்லை. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். பதினெட்டு வயசு ஆகாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 3 வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்து. ஓட்டினவருக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது.

அப்பா தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. பையன் எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான் என்று அவரே கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். சாவியைக் கையில் கொடுத்து, "மளிகை வாங்கிட்டு வாடா" என்று அனுப்பின அப்பா அங்கே போய் என்ன சொல்லுவார்?

— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி