ஒரு நாள் மருந்தும் ஒவ்வொரு நாள் மருந்தும்

ஆண்டுதோறும் ஜூன் மாதத் தொடக்கத்தில், கதிரவன் மிருகசீரிட நட்சத்திரத்தில் புகும் வேளையில், ஹைதராபாத் நாம்பள்ளி கண்காட்சித் திடலில் பெருங்கூட்டம் கூடுகிறது. இழுப்பு நோயால் வருந்துவோர் பல மாநிலங்களிலிருந்து ரயிலேறி வந்து, கைக்குழந்தைகளோடும் முதியவர்களோடும் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கின்றனர். சிறிய, உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் மஞ்சள் நிற மூலிகைக் களிம்பு வைக்கப்படுகிறது. அந்த மீன் நோயாளியின் தொண்டைக்குள் விடப்படுகிறது. புலால் உண்ணாதோர்க்கு வெல்லத்தோடு அதே களிம்பு தரப்படுகிறது.

இதனை வழங்குவோர் பத்தினி என்னும் குடும்பப் பெயருடைய கௌட் மரபினர். 1845ஆம் ஆண்டில் தம் முன்னோர் வீரண்ண கௌடுக்கு ஒரு துறவி இம்மருந்தின் முறையை அருளினார் என்றும், கட்டணம் பெறாமலே வழங்க வேண்டும் எனப் பணித்தார் என்றும் அவர்கள் கூறுவர். பழைய நகரின் தூத் பௌலியிலுள்ள அவர்கள் இல்லத்தில் நடந்துவந்த இது, பின்னர் திடலுக்கு மாறியது. அறிவியல் அமைப்புகளின் எதிர்ப்பும் வழக்குகளும் எழுந்த பின்னர், ‘மீன் மருந்து’ என்னும் பெயர் ‘மீன் பிரசாதம்’ என்றாயிற்று. கொரோனா தொற்றினால் 2020 முதல் மூன்று ஆண்டுகள் நின்றிருந்து, 2023 ஜூனில் மீண்டும் தொடங்கியது.

தலைமுறை தலைமுறையாக விலை பெறாது செய்துவரும் தொண்டினை இகழ்வது நம் நோக்கமன்று. துன்பத்தோடு வந்து நிற்கும் மக்களை ஏளனம் செய்வதும் அறமன்று. ஆயினும், நம் இல்லங்களில் இழுப்பு நோயுள்ள ஒரு குழந்தையோ பெரியவரோ இருப்பின், அவர் உயிர் சார்ந்த ஒரு கேள்வியை நாம் அமைதியாகச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

விழுங்கியது எங்கே செல்கிறது?

நாம் விழுங்கும் எப்பொருளும் உணவுக்குழல் வழியே இரைப்பையை அடைகிறது. மூச்சுக்குழலின் வாயிலை, விழுங்கும் கணத்தில் ஒரு மூடி அடைத்துக்கொள்கிறது. எனவே மீன் நீந்திச் சென்று சளியை அகற்றுகிறது என்னும் விளக்கம் உடலமைப்போடு பொருந்தாது. அக்களிம்பு ஆஸ்துமாவைக் குணமாக்குகிறது என்பதை முறையான மருத்துவ ஆய்வு எதுவும் நிறுவவில்லை.

அங்ஙனமாயின் சிலர் நலமடைந்ததாகக் கூறுவது எவ்வாறு? ஆஸ்துமா, ஏறியும் இறங்கியும் வரும் இயல்புடையது. மூச்சுத்திணறல் மிகுந்த நாட்களில்தான் நாம் புதிய மருந்தைத் தேடி ஓடுகிறோம். அதன்பின் நோய் தானே தணியும் காலமும் வருகிறது. குழந்தைப் பருவத்து இழுப்பு, வளர வளரப் பலருக்குக் குறைந்துவிடுகிறது. மேலும், பிரசாதம் பெற்றவர் 45 நாட்கள் பத்தியம் காக்கின்றனர், உடலைப் பேணுகின்றனர். இவை யாவும் சேர்ந்து வரும் நன்மை, அந்த ஒரு நாளின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது.

ஆபத்து வேறிடத்தில் உள்ளது. ‘மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பெற்றால் நோய் முற்றும் அகலும்’ என்று நம்பி, அன்றாடம் எடுத்துவந்த மருந்தை நிறுத்திவிடுவோர்தாம் இடருக்குள்ளாகின்றனர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் உலகில் 26 கோடிக்கும் மேற்பட்டோர் ஆஸ்துமாவால் வருந்தினர். ஏறத்தாழ 4,55,000 பேர் உயிரிழந்தனர். உலக ஆஸ்துமா நோயாளிகளுள் சுமார் 13 விழுக்காட்டினரே இந்தியர்; இறப்புகளிலோ 40 விழுக்காட்டுக்கும் மேல் நம் நாட்டில் நிகழ்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை என்பதே நெஞ்சை வருத்தும் செய்தி.

முன்னோர் கண்ட ‘யாப்யம்’

நம் பண்டைய ஆயுர்வேத நூல்கள் நோய்களை எளிதில் தீர்வன, அரிதில் தீர்வன, தீராதன என்று மட்டும் பிரிக்கவில்லை. ‘யாப்யம்’ என்றொரு வகையையும் கூறின. முற்றும் நீங்காது, ஆயினும் இடைவிடாத சிகிச்சையால் கட்டுக்குள் நிற்கும் நோய் என்பது அதன் பொருள். சரியத் தொடங்கிய வீட்டை நன்கு ஊன்றிய தூண் தாங்குவதுபோல, சிகிச்சை அந்நோயாளியைத் தாங்குகிறது என்று சுசுருதர் உவமை கூறுகிறார். ‘தமக சுவாசம்’ எனப்பட்ட இழுப்பு நோயைச் சரகர் இவ்வகையில் சேர்த்தார். புதிதாகத் தோன்றியதாயின் தீர்வதும் உண்டு என்றார்.

வீடு நேராக நிற்கிறதே, இனித் தூண் எதற்கு என்று அதனை எடுத்துவிடுவோமா? இக்கேள்வியே இன்றைய பாடத்தின் உயிர்நாடி.

மூச்சுக்குழலுக்குள் நிகழ்வது

ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழல்களின் உட்புறம் எப்போதும் சிறிது அழற்சியுற்று, எளிதில் சினம் கொள்வதாக உள்ளது. தூசு, புகை, மகரந்தம், குளிர்காற்று, சளிக்காய்ச்சல் போன்ற ஏதேனும் ஒன்று தூண்டினால் மூன்று மாறுதல்கள் நிகழ்கின்றன. குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சுவர் வீங்குகிறது, சளி மிகுதியாகச் சுரக்கிறது. உள்ளே சென்ற காற்று வெளியேற வழியின்றித் திணறுகிறது.

இதற்கேற்ப மருந்தும் இருவகை. முதலாவது, இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும் நிவாரண மருந்து, சால்புட்டமால் இவ்வகையினது. இரண்டாவது, அழற்சியை நாள்தோறும் தணிக்கும் காப்பு மருந்து. பெக்ளோமெத்தசோன், புடசோனைடு முதலிய உறிஞ்சும் ஸ்டீராய்டுகள் இவ்வகையின. நிவாரணி உடனே சுகம் தருவதால் நோயாளி அதனையே நாடுகிறார். காப்பு மருந்தின் பயன் கண்ணுக்குத் தெரியாததால் அதனைக் கைவிடுகிறார். அழற்சியோ உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கிறது. இதனை உணர்ந்தே, நிவாரணியை மட்டும் தனித்துப் பயன்படுத்தும் முறையை 2019 முதல் உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டு நெறிகள் பரிந்துரைப்பதில்லை.

இன்ஹேலர் பற்றிய அச்சங்கள்

மருந்தை மூச்சோடு உறிஞ்சுவது நமக்குப் புதியதன்று. ஊமத்தையைப் புகைத்து இழுப்பைத் தணிக்கும் வழக்கம் நம் நாட்டில் இருந்தது. சென்னையில் அதனை அறிந்த ஜெண்ட் என்னும் ஆங்கிலேயத் தளபதி 1802ஆம் ஆண்டளவில் எடின்பரோவுக்குக் கொண்டு சென்றார். அதன்பின் அது ஐரோப்பாவெங்கும் பரவியது. எனினும் ஊமத்தை நஞ்சு. அதன் அளவைக் கட்டுப்படுத்த இயலாது. அளவோடு மருந்து தரும் இன்ஹேலர் 1956இல்தான் வந்தது. அமெரிக்க மருந்து நிறுவனம் ஒன்றின் தலைவரான ஜார்ஜ் மைசனின் பதின்மூன்று வயது மகளுக்கு ஆஸ்துமா இருந்தது. தலைமுடிக்குத் தெளிக்கும் திரவம்போல என் மருந்தும் ஏன் சிறு குப்பியில் வரக்கூடாது என்று அவள் தந்தையிடம் கேட்டாள். அக்கேள்வியின் விடையே இன்று கோடிக்கணக்கானோர் கையிலுள்ள கருவி.

“பஃப் எடுத்தால் பழக்கமாகிவிடும், அது கடைசிக்கட்ட மருந்து” என்று பல வீடுகளில் கூறக் கேட்கிறோம். உண்மை இதற்கு நேர்மாறானது. சால்புட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து உள்ளது. இன்ஹேலரின் ஓர் அழுத்தத்தில் வருவதோ 100 மைக்ரோகிராம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. தேவையான இடத்துக்கே நேராகச் செல்வதால் சிற்றளவே போதுமானதாகிறது. காப்பு மருந்திலுள்ள ஸ்டீராய்டும் இவ்வாறே மிகக் குறைந்த அளவினது; எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டால் வாய்ப்புண், குரல் கம்மல் போன்றவையும் பெரிதும் தவிர்க்கப்படும். அது போதைப் பழக்கத்தை உண்டாக்குவதன்று. கண்ணாடி அணிபவரை நாம் கண்ணாடிக்கு அடிமை என்று கூறுவதில்லை.

நால்வர் கூடிச் செய்யும் வேள்வி

நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுபவர் என்னும் நான்கும் கூடியதே மருத்துவம் என்று திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் வகுக்கிறது. நாட்பட்ட நோய்க்கு இது முழுவதும் பொருந்தும்.

நோயுற்றவர்: மருத்துவர் கூறிய காப்பு மருந்தை, நலமாயுள்ள நாட்களிலும் தவறாது எடுக்க வேண்டும். பல் துலக்குமுன் என்று வேளை குறித்துக்கொண்டால் மறதி வராது, கொப்பளிப்பதும் எளிதாகும். குப்பியை நன்கு குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, உதடுகளால் வாய்ப்பகுதியை இறுகப் பற்றி, மெதுவாக மூச்சை இழுக்கத் தொடங்கும்போது அழுத்தி, உறிஞ்சியபின் பத்து விநாடி மூச்சை நிறுத்த வேண்டும். சிறுவர்க்கும் முதியோர்க்கும் ஸ்பேஸர் என்னும் குழல் பேருதவி புரியும்.

மருத்துவர்: சீட்டு எழுதுவதோடு அவர் பணி முடிவதில்லை. ஒவ்வொரு வருகையிலும் “எடுத்துக் காட்டுங்கள்” என்று கேட்டு, நோயாளி கருவியைப் பயன்படுத்தும் முறையைக் காண வேண்டும். மருந்து பயனளிக்கவில்லை என்னும் பலரிடம் குறை, மருந்தில் அன்று, எடுக்கும் முறையில் இருக்கும். மீன் பிரசாதம் பெற்றதாக நோயாளி கூறினால் கடிந்துகொள்ளாது கேட்க வேண்டும். சினந்தால் அவர் அடுத்த முறை உண்மையை மறைப்பார். அல்லது வராமலே இருந்துவிடுவார்.

மருந்து: தீர்வதற்கு முன்பே வாங்கி வைத்தல் நன்று. மருந்தைக் குறைப்பதாயின், நோய் சில மாதங்கள் கட்டுக்குள் நின்றபின், மருத்துவர் சொற்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

உடனிருப்பவர்: வீட்டில் புகைபிடித்தலை அறவே நீக்குதல், தலையணை உறைகளை வெந்நீரில் துவைத்தல், கொசுவர்த்தி, ஊதுபத்திப் புகையைத் தவிர்த்தல் ஆகியவை குடும்பத்தாரின் பங்கு. வழிபாட்டு அறையில் ஊதுபத்திக்கு மாற்றாக மலர் ஒன்று வைத்தாலும் வழிபாடு குறைவுறாது.

அவசர வேளையில்

ஒரு சொற்றொடரை முழுதாகப் பேச இயலாமை, உதடு நீலமாதல், விலா இடுக்குகள் உள்வாங்குதல், நிவாரணி எடுத்தும் சுகமின்மை ஆகியவை அபாய அறிகுறிகள். நோயாளியைப் படுக்க வைக்காமல் நிமிர்ந்து உட்கார வைத்து, நிவாரணியை ஸ்பேஸர் வழியாக ஒவ்வோர் அழுத்தமாக நான்கு முறை தந்து, உடனே 108க்கு அழைக்க வேண்டும். உதவி வரும்வரை நான்கு நிமிடங்களுக்கு ஒருமுறை அவ்வாறே தந்துகொண்டிருக்கலாம். அந்த 108 சேவை 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டதும் இதே ஹைதராபாத்தில்தான்.

பிற நோய்களுக்கும் இதுவே நெறி

உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவையும் யாப்யங்களே. அவை வலிப்பதில்லை, ஆதலால் மாத்திரை மறக்கப்படுகிறது. பின்னர் ஒருநாள் சிறுநீரகமோ இதயமோ குரல் கொடுக்கிறது. நெடுநாள் மருந்தை வீட்டிலிருந்தே ஒழுங்காக எடுத்தால் போதும் என்பதற்குச் சென்னை உலகுக்கே சான்று தந்தது. 1956இல் அங்குத் தொடங்கிய காசநோய் ஆய்வில், நெருக்கமான எளிய வீடுகளில் சிகிச்சை பெற்றோரும், நல்லுணவும் ஓய்வும் கிடைத்த மருத்துவமனையில் தங்கியோருக்கு நிகராகக் குணமடைந்தனர். மருந்தை விடாது எடுத்ததே காரணம். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மருந்துகளை இல்லம்தோறும் கொண்டு சென்றதும் இவ்வுண்மையை உணர்ந்தே.

நிறைவாக

மிருகசீரிட நாளில் வரிசையில் நிற்கும் அத்தாயை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். மகனுக்காக நெடுந்தொலைவு வந்தவள், வெயிலில் காத்திருந்தவள், 45 நாள் பத்தியம் காக்கவும், மூன்று ஆண்டுகள் மீண்டும் மீண்டும் வரவும் உறுதி பூண்டவள். நாட்பட்ட நோயை வெல்லத் தேவையான பொறுமை, ஒழுங்கு, நம்பிக்கை என்னும் மூன்றும் அவளிடம் முன்னரே உள்ளன. அதே நகரில் எர்ரகட்டா அரசு மார்பு நோய் மருத்துவமனையும் அவளுக்காகத் திறந்திருக்கிறது. அவளிடமுள்ள அவ்வுறுதி, காலையும் மாலையும் எடுக்கும் சிறு மருந்தின்பால் திரும்புமாயின் அவள் மகன் ஓடி விளையாடுவான்.

அவளைத் திருப்புவது வாதத்தால் இயலாது. அன்போடு அருகிருந்து சொல்வதால் இயலும். நம் அண்டை வீட்டில், நம் உறவில் அத்தகைய ஒருவர் இருப்பின், “பிரசாதம் பெற்று வாருங்கள், ஆனால் பஃப்பை ஒருநாளும் நிறுத்தாதீர்கள்” என்று கூறுவோம். ஓர் உயிரைக் காக்க அவ்வளவே போதுமானதாக அமையக்கூடும்.