சிஇஏ 4.1: புற்றுநோயா, புகையா?

கேள்வி: எனக்கு வயது 47. இருபது வருஷமாகத் தினம் பத்து சிகரெட் பிடிக்கிறேன். ஆபீஸில் ஏற்பாடு செய்த முழு உடல் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 17.2, வெள்ளை அணுக்கள் 11,400, சிஇஏ 4.1 என்று வந்திருக்கிறது. சிஇஏ என்றால் கேன்சர் டெஸ்ட்டாமே? தூக்கமே போய்விட்டது. சிகரெட் பழக்கத்தை டாக்டரிடம் சொல்லவில்லை. ஒரு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுத்தால் எல்லாம் சரியாக வருமா?
(பெயர் வேண்டாம்), ஈரோடு

பதில்: முதலில் அந்த சிஇஏ. அது ரத்தத்தில் அளக்கப்படும் ஒரு புரதம். புகைக்காதவர்களுக்கு ஒரு மில்லிலிட்டரில் 3 நானோகிராம் வரை, புகைப்பவர்களுக்கு 5 வரை என்று பல லேப்கள் இரண்டு வரம்பு வைத்திருக்கின்றன. ரிப்போர்ட் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். உங்கள் 4.1 முதல் வரம்பைத் தாண்டுகிறது, இரண்டாவதற்குள் அடங்குகிறது. நீங்கள் வாயைத் திறக்காததால் எந்த வரம்பை வைத்துப் பார்ப்பது என்று டாக்டருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். சிஇஏ, ஆரோக்கியமாக இருப்பவரிடம் புற்றுநோய் தேடுவதற்கான டெஸ்ட்டும் அல்ல. பெருங்குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்களைக் கண்காணிக்கத்தான் அது பெரும்பாலும் பயன்படுகிறது. ‘பேக்கேஜ்’ பெரிதாகத் தெரியட்டும் என்று இதையும் சேர்த்து, மனிதர்களின் தூக்கத்தைக் கெடுப்பது எனக்குப் பிடிக்காத வியாபாரம்.

மற்ற இரண்டு எண்களிலும் புகையின் கை இருக்கலாம். சிகரெட்டிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜன் பற்றாக்குறையை ஈடுகட்ட உடம்பு சிவப்பணுக்களைக் கூடுதலாக உற்பத்தி செய்கிறது; ஹீமோகுளோபின் ஏறுகிறது. நுரையீரலில் ஓயாத அழற்சி இருப்பதால் வெள்ளை அணுக்களும், சிஆர்பி, ஃபைப்ரினோஜன் போன்ற அழற்சிப் புரதங்களும் ஏறும். அதற்காக எல்லாப் பழியையும் சிகரெட் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்கவும் கூடாது. நிறுத்திய பிறகும் இறங்காவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும்.

ஒரு வாரம் போதுமா? கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளில் போய்விடும். நிகோடின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகும். அது சிதைந்து உண்டாகும் கோட்டினின் பாதியாவதற்கு 16 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே அது வடிய ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். வெள்ளை அணுக்கள் அவ்வளவு அவசரப்படுவதில்லை. இவற்றைவிட ஆழமான தடயம் டிஎன்ஏ மேல் ஒட்டும் மெத்தில் குறிகள். சுமார் 16,000 பேரின் ரத்தத்தை ஆராய்ந்து 2016-இல் வெளியான ஆய்வில், 7,000-க்கும் மேற்பட்ட மரபணுக்களில் புகைப்பவர்களுக்கு இந்தக் குறிகள் மாறியிருந்தன. நிறுத்திய 5 ஆண்டுகளுக்குள் பெரும்பாலானவை பழைய நிலைக்குத் திரும்பின. சில மட்டும் 30 ஆண்டுகள் கழித்தும் அப்படியே இருந்தன.

பழக்கத்தை மறைப்பதால் மருந்தின் அளவும் தவறலாம். ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், மனநோய்க்கான குளோசாபின் போன்றவற்றைப் புகைப்பவரின் கல்லீரல் வேகமாகக் கழித்துவிடும். அவர் திடீரென்று நிறுத்தினால் அதே மாத்திரை ரத்தத்தில் அதிகமாகத் தேங்கும். நீங்கள் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், நிறுத்தும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இதே ரிப்போர்ட்டோடு போய் உள்ளதைச் சொல்லுங்கள். நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று மாதம் கழித்து ரத்த அணுக்களை மறுபடி பார்க்கலாம். நிறுத்த உதவி வேண்டுமானால் மத்திய அரசின் இலவச எண் 1800-11-2356.