பனிச்சிறுத்தையைத் தேடி

கேள்வி: பொங்கல் விடுமுறையில் பனி பார்க்க ஆசை. திருவிழா, காட்டு விலங்கு இரண்டும் காணக் கிடைக்கும் இடம் எது?
– வாசகர், கறம்பக்குடி

பதில்: லடாக் போங்கள். வெறும் பனிக்கு மணாலியே போதும். நீங்கள் கேட்கும் மற்ற இரண்டும் லடாக்கின் லே நகர்ப் பக்கம்தான் சேர்ந்து கிடைக்கும். ஸ்பிதுக் மடாலயத்தின் குஸ்டோர் விழா பெரும்பாலும் ஜனவரியில் வரும். முகமூடி அணிந்த துறவிகள் ஆடும் சாம் நடனம் அதன் உயிர். சந்திரக் கணக்குப்படி தேதி மாறும்; விசாரித்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

விலங்குக்கு ஹெமிஸ் தேசியப் பூங்கா. 2024இல் வெளியான கணக்கெடுப்பின்படி இந்தியாவிலுள்ள 718 பனிச்சிறுத்தைகளில் 477 லடாக்கில் வாழ்கின்றன. குளிர்காலத்தில் நீல ஆடுகள் கீழ்ச்சரிவுகளுக்கு இறங்க, அவற்றைத் தொடர்ந்து சிறுத்தையும் இறங்கும். பூங்காவுக்குள் இருக்கும் ரும்பக் கிராமத்து வீடுகளிலேயே தங்கலாம். அந்த வாடகை ஊர்க்காரர்களுக்குப் போகிறது. தங்கள் வளர்ப்பு ஆட்டைக் கொன்ற சிறுத்தையைப் பகையாகப் பார்த்தவர்கள் இன்று அதைக் காக்க அந்த வருமானமும் ஒரு காரணம். ஆகவே அங்கேயே தங்குங்கள்.

டெல்லியிலிருந்து லேவுக்கு விமானம் உண்டு. ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர், லேயின் உயரம் ஏறத்தாழ 3,500. இறங்கியதும் சுற்றக் கிளம்பாமல், அந்த உயரம் உடலுக்குப் பழக முதல் இரண்டு நாள் கட்டாயம் ஓய்வெடுங்கள். இதயம், நுரையீரல் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.