மருந்தின்றி எச்.ஐ.வி.யை அடக்குவோர்

மத்திய அரசு 2004 ஏப்ரலில் தொடங்கிய திட்டத்தின்படி, கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் எச்.ஐ.வி. தொற்றுடையோருக்குக் கூட்டு மருந்துகள் இலவசமாக வழங்கப்படுகின்றன. மருந்து இல்லையேல், பெரும்பாலோரிடம் இந்த வைரஸ் 'சி.டி.4' என்னும் வெள்ளை அணுக்களைப் படிப்படியாக அழித்து, ஏறத்தாழ பத்து ஆண்டுகளில் எய்ட்ஸ் நிலைக்குக் கொண்டுசெல்லும். ஆயினும், தொற்றுடையோருள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானோரிடம் மருந்தின்றியே வைரஸ் மிகச் சொற்ப அளவில், ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 படிகளுக்கும் கீழாக, அடங்கி நிற்கிறது.

இதன் காரணம் பெரும்பாலும் 'சி.டி.8' எனப்படும் கொல்லணுக்களிடம் உள்ளது. வைரஸ் புகுந்த அணு, அதன் புரதத் துணுக்குகளை 'எச்.எல்.ஏ.' என்னும் மூலக்கூறுகளில் ஏந்தித் தன் மேற்பரப்பில் காட்டுகிறது. அதைக் கண்டு கொல்லணு தாக்குகிறது. எச்.எல்.ஏ. வகை ஆளுக்கு ஆள் வேறுபடும். பி-57, பி-27 ஆகிய வகைகள் வைரஸின் உட்கூட்டுப் புரதத் துணுக்குகளை ஏந்திக் காட்டுபவை. அப்பகுதியை மாற்றிக்கொண்டால் வைரஸ் தப்பலாம். ஆனால் அதன் பெருகும் திறனே குன்றிவிடும். பொருளியலார் மொழியில், தப்பும் வழி உண்டு, விலைதான் மிகுதி. புரூஸ் வாக்கர் முதலானோர் 2010-இல் வெளியிட்ட பன்னாட்டு ஆய்வும், மரபணுத் தொகுதி முழுவதையும் துருவியபின், இந்த எச்.எல்.ஏ. பகுதியையே சுட்டியது.

எனினும் மரபணு மட்டும் போதாது. பி-57 உடையோர் பலர் நோயுறவே செய்கின்றனர். அதன் ஒரு கிளைவகை, அபாகாவிர் என்னும் எச்.ஐ.வி. மருந்துக்குக் கடும் ஒவ்வாமையையும் உண்டாக்குகிறது. இயற்கை ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குகிறது போலும்! 2020-இல் இத்தகைய 64 பேரை ஆராய்ந்தபோது, எஞ்சிய முழுமையான வைரஸ் மரபணுக்கள் பெரும்பாலும் குரோமோசோமின் செயலற்ற பகுதிகளில் முடங்கிக் கிடந்தன. ஒரு பெண்மணியின் 150 கோடிக்கும் மேற்பட்ட அணுக்களில் முழுமையான வைரஸ் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

இந்த ஆய்வுகள் மிகுதியும் மேலைநாடுகளில் பரவிய 'பி' உட்பிரிவைப் பற்றியவை. இந்தியாவில் மேலோங்கியிருப்பது 'சி' உட்பிரிவு. ஆகவே இங்குள்ளோரை ஆராய்வது தடுப்பூசி முயற்சிக்கு இன்றியமையாதது. இடர்ப்பாடு நடைமுறையில் உள்ளது. 2017 முதல், சி.டி.4 அளவு எதுவாயினும் அனைவருக்கும் மருந்து தரப்படுகிறது. வழக்கமான வைரஸ் அளவுச் சோதனையோ மருந்து தொடங்கி ஆறு மாதம் கழித்தே நிகழ்கிறது. அப்போது வைரஸை அடக்கியது மருந்தா, உடலா என்று பிரித்தறிய இயலாது.

அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடுதல் தவறாகும். இவ்வகையினரிடமும் நீடித்த அழற்சி காணப்படுகிறது. சிலர் ஆண்டுகள் கழித்து அடக்கும் ஆற்றலை இழக்கின்றனர். மருந்து தொடங்கும் நாளில், 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் வேண்டும் ஒப்புதலுடன், ஒரு சோதனை செய்தாலே போதும். செலவு கூடும், ஆனால் ஒருமுறைச் செலவே.

கொல்கத்தாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. 1990-களில் பம்பாயின் பாலியல் தொழிலாளர்களுள் பாதிக்கும் மேற்பட்டோரிடம் தொற்று காணப்பட்டபோது, சோனாகாச்சியில் அது மிகவும் குறைவாகவே இருந்தது. இதை அங்குள்ள பெண்களின் உடல்வாகு எனக் கருதலாகாது. தொற்றுக்கு ஆளாகாமை வேறு, தொற்றியபின் அடக்குதல் வேறு. அங்கே 1992-இல் டாக்டர் ஸ்மரஜித் ஜனா தொடங்கிய திட்டத்தில், அப்பெண்களே பயிற்சி பெற்று வீடுவீடாகச் சென்று ஆணுறைப் பயன்பாட்டைப் பரப்பினர். 1995-இல் துர்பார் என்னும் தம் அமைப்பையும் நிறுவிக்கொண்டனர்.