முடி கொட்டுதா? எண்ணெய் பாட்டிலைக் கொஞ்சம் கீழே வை!

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்துப் பெண்ணுக்கு முடியைப் பற்றி நான் புதுசா என்ன சொல்ல? டேனரியில் பச்சைத் தோலைச் சுண்ணாம்பிலும் சல்பைடிலும் ஊறப்போட்டு வேர்ப்பிடி தளர்ந்த பிறகு, மொட்டைக் கத்தியால் ஒரு இழுப்பு இழுத்தால் முடி சேறு மாதிரி வழிந்து வரும். பிடிப்பெல்லாம் வேரில்தான். நம் தலையிலும் அப்படித்தான். வெளியே தெரிகிற முடிக்கு உயிர் கிடையாது. நீ ஊற்றுகிற எண்ணெய் அதை மினுக்கும், சிக்கெடுக்க உதவும், அவ்வளவுதான். அதனால் காசைக் கரைக்கும் முன் இதைப் படி.

1. சீப்பில் நாலு முடி வந்ததும் அழாதே. தினமும் 50 முதல் 100 வரை உதிர்வது எல்லோருக்கும் உண்டு.

2. கொத்துக்கொத்தாக வந்தால் ஷாம்பூவையோ போர் தண்ணீரையோ திட்டுவதற்கு முன் காலண்டரைப் பார். டெங்கு, டைபாய்டு, பிரசவம், பட்டினி டயட் எது வந்தாலும், முடி கொட்டுவது 2, 3 மாதம் கழித்துத்தான். உடம்பு தளர்ந்த நேரத்தில் ஏகப்பட்ட முடி ஒன்றாக ஓய்வுக்குப் போய், அந்த ஓய்வு முடிகிறபோது விழும். ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலும் சில மாதத்தில் தானே சரியாகும். ஆறு மாதம் தாண்டியும் நிற்கவில்லையா? இரும்புச் சத்தும் தைராய்டும் பார்த்துவிடு.

3. காசு அளவு வட்டமாக வழுவழுவென்று சொட்டை விழுந்தால் அது புழுவெட்டு. பூச்சி எதுவும் கடிக்கவில்லை. நம் உடம்பின் காவல் அணுக்களே முடி வேரை எதிரி என்று நினைத்துத் தாக்குகின்றன. நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஏஞ்சலா கிறிஸ்டியானோ என்ற மரபணு விஞ்ஞானி இருக்கிறார். அவருக்கே இந்த நோய் உண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுவை அலசி, சிறுவயது சர்க்கரை நோய், முடக்குவாதத்தோடு இதற்கு உறவு உண்டு என்று 2010-ல் அவர் குழு காட்டியது. 2014-ல் அந்தத் தாக்குதலைத் தடுக்கும் ஒரு மாத்திரையை மூன்று பேருக்குக் கொடுத்தபோது, சில மாதத்தில் முடி திரும்பியது. அதே வகையைச் சேர்ந்த பாரிசிட்டினிப், தீவிரமான புழுவெட்டுக்கு 2022 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உடனே மெடிக்கல் ஷாப்புக்கு ஓடாதே! டி.பி. இருக்கிறதா என்று சோதிக்காமல் தொடவே கூடாத மருந்து அது.

சின்ன வெங்காயம் தேய்த்து முளைத்தது என்று பக்கத்து வீட்டு அத்தை சத்தியம் செய்வார். சின்ன வட்டம் பலருக்கு ஒரு வருஷத்துக்குள் தானாகவே மூடிக்கொள்ளும். பெயரை வெங்காயம் தட்டிக்கொண்டு போகும். பூண்டையும் மிளகையும் அரைத்துப் பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறார்களே, அவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

4. பிள்ளை தலையில் செதில் செதிலாக, முடி ஒடிந்து வட்டம் விழுந்தால் அது வேறு, படை. களிம்பு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். அந்தச் சீப்பை வேறு யாருக்கும் கொடுக்காதே.

5. விளம்பரம் பார்த்து பயோட்டின் விழுங்குகிறாயா? அது தைராய்டு ரிசல்ட்டையே தப்பாகக் காட்டலாம். ரத்தம் கொடுக்குமுன் டாக்டரிடம் சொல்லி நிறுத்திவிடு.

6. ஷூ கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஈரத்தலையை இறுக்கிப் பின்னி, அதன்மேல் நாலு முழம் மல்லியும் வைக்காதே. ஈரமுடி சுலபமாக அறுந்துபோகும். வருஷக்கணக்கில் இழுத்தால் நெற்றி ஏறிவிடும், போன முடி திரும்பாது. முந்தின நாள் ராத்திரியே தலைக்குக் குளி. வேலைக்குத் தளர்ந்த பின்னல், பூ ஞாயிற்றுக்கிழமைக்கு.

7. மினாக்சிடில் ஆரம்பித்தால் முதல் சில வாரம் கூடுதலாகக் கொட்டலாம். பயந்து விடாதே. நிறுத்தினால் வந்ததும் போய்விடும், அதையும் தெரிந்துகொண்டே தொடங்கு. கர்ப்பமாக இருந்தால் தொடாதே.

வட்டச் சொட்டை விழுந்தாலோ, தலைத்தோல் சிவந்து வலித்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம். வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியிலோ சி.எம்.சி.யிலோ தோல் டாக்டரிடம் காட்டு. ஒரு ஷிப்ட் போனாலும் போகட்டும்.